உள்ளே வந்தவர் எப்போது வெளியேறுவார்?

கணினித் துறையில் படிக்கிறேன் என்றதும், நான் நாள் முழுவதும் நிரல் எழுதிக்கொண்டிருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். கடந்த விடுமுறையில் வேலைப் பயிற்சிக்காக ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தபோது எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் பணியில் ஒரு வரி நிரல்கூட இல்லை. நான்கு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் கூட்டாகச் செய்யும் ஓர் ஆய்வுக்கு, யார் எந்தக் குழுவில் இருப்பார், எதைப் பார்க்கலாம், எதைத் திருத்தலாம் என்று திட்டம் வரைய வேண்டும். கேட்பதற்குப் பெயர்ப்பட்டியல் தயாரிக்கும் வேலைபோல இருக்கும். ஆனால், அதை முடிக்க மூன்று வாரங்கள் ஆயின.

ஒரே நிறுவனம் என்றால் அதற்கு மனிதவளப் பிரிவு இருக்கும். ஒருவர் வேலையில் சேரும் அன்று கணக்குத் திறக்கப்படும். விலகும் அன்று மூடப்படும். பல நிறுவனங்கள் சேர்ந்த கூட்டமைப்பில் அப்படி ஒரு பொது அலுவலகம் கிடையாது. ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பது ஒரு பல்கலைக்கழகம். அவர் பயன்படுத்தும் தரவு இருப்பதோ வேறொரு நாட்டில். அவர் படிப்பை முடித்துப் போய்விட்டாலும் கூட்டமைப்புக்கு யாரும் தகவல் சொல்வதில்லை.

இந்தச் சிக்கலுக்காகவே அடையாள நிர்வாக மென்பொருள்கள் இருக்கின்றன. நான் படித்துப் பார்த்தவை காம்மேனேஜ், குரூப்பர் என்ற இரண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் இன்டர்நெட்2 அமைப்பைச் சார்ந்து வளர்ந்த பொதுமூல மென்பொருள்கள் இவை.

யார் என்பது வேறு, என்ன செய்யலாம் என்பது வேறு

உங்கள் கைப்பேசியில் எடுரோம் வைஃபை இருந்தால், அடையாள நிர்வாகத்தின் முதல் பாடம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். சிங்கப்பூர் மாணவர் ஒருவர் தோக்கியோவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குச் செல்கிறார். அங்கு அவருக்குப் புதுக் கணக்கு எதுவும் தேவையில்லை. “இவர் எங்கள் மாணவர்தான்” என்று சிங்கப்பூரில் உள்ள அவரது பல்கலைக்கழகம் உறுதி சொல்கிறது, இணைப்புக் கிடைத்துவிடுகிறது. கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது அவரது சொந்தப் பல்கலைக்கழகமே. இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகளிலும் வட்டாரங்களிலும் இந்த ஏற்பாடு நடைமுறையில் உள்ளது.

ஆனால், தோக்கியோவின் ஆய்வுக்கூடத் தரவை அந்த மாணவர் திறக்கலாமா? அதை அவருடைய சொந்தப் பல்கலைக்கழகம் முடிவு செய்ய முடியாது. “இவர் யார்” என்பதற்குத் தாய் நிறுவனம் பதில் சொல்லும். “இங்கே இவர் என்ன செய்யலாம்” என்பதைக் கூட்டமைப்புதான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை எழுதி வைக்கும் இடம்தான் குழு.

ஐந்து மாத ரகசியம்

குழுத் திட்டம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இயற்பியலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. 2015 செப்டம்பர் 14ஆம் தேதி, அமெரிக்காவின் ஹான்ஃபர்டிலும் லிவிங்ஸ்டனிலும் உள்ள லைகோ கருவிகள் ஈர்ப்பலையை முதன்முறையாக நேரடியாகக் கண்டறிந்தன. உலகத்துக்கு அது அறிவிக்கப்பட்டது 2016 பிப்ரவரி 11ஆம் தேதி. அந்தக் கண்டுபிடிப்புக் கட்டுரையில் இடம்பெற்ற ஆசிரியர்கள் ஏறத்தாழ 1,000 பேர். பல நாடுகளில் இருந்த அத்தனை பேரும் வேலை செய்ய வேண்டும். அதே நேரத்தில், சரிபார்த்து முடியும்வரை தரவு வெளியே போகவும் கூடாது.

அதோடு முடியவில்லை. ஈர்ப்பலை வந்ததும் அதே திசையில் தொலைநோக்கிகளைத் திருப்ப, கூட்டமைப்பைச் சேராத வானியலாளர்களும் தேவைப்பட்டார்கள். ஆகவே, புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்ட குழுவினருக்கு மட்டும் எச்சரிக்கைத் தகவல் ரகசியமாக அனுப்பப்பட்டது. அவர்கள் கூட்டமைப்பின் உறுப்பினர்கள் அல்லர். முற்றிலும் வெளியாட்களும் அல்லர். ஒரே காரியத்துக்காக உள்ளே விடப்பட்டவர்கள்.

2019 ஏப்ரலில் மூன்றாம் கண்காணிப்புக் காலம் தொடங்கியபோது அந்த எச்சரிக்கைத் தகவல்கள் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டன. இதில் எனக்குப் பிடித்த பாடம் இதுதான்: காரணம் மாறினால் கதவையும் மாற்றலாம். சில வேளைகளில் ‘கதவே வேண்டாம்’ என்பதும் சரியான பதிலாக இருக்கலாம்.

பிரிவா, குழுவா?

காம்மேனேஜில் திட்டமிடுவோர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, எதைப் பிரிவாக அமைப்பது, எதைக் குழுவாக அமைப்பது என்பது. மேலே கூட்டமைப்பு. அதற்குள் பிரிவுகள் இருக்கலாம், குழுக்களும் இருக்கலாம். இரண்டுமே பெயர்களின் தொகுப்புதான் என்பதால் குழப்பம் வரும்.

நான் கடைசியில் பயன்படுத்திய சோதனை எளிது. தனித் தலைவர், தனிச் சேர்க்கை முறை, தனி முடிவுத் தேதி ஆகியவை தேவையென்றால் அது பிரிவு. எடுத்துக்காட்டாக, ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் ஆய்வு அணியும் ஒரு பிரிவு. பல பிரிவுகளிலிருந்து சிலரை ஒரு வேலைக்காக ஒன்றுசேர்த்தால் அது குழு. “கட்டுரை வரைவைத் திருத்துவோர்” அப்படி ஒன்று.

ஒருவருக்கு ஒரே பதிவுதான் இருக்கும்; பொறுப்புகள் பல இருக்கலாம். ஒவ்வொரு பொறுப்புக்கும் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் தனித்தனியே குறிக்கலாம். ஆய்வு மாணவராக அவரது பொறுப்பு ஜூனில் முடியலாம். கருவிப் பராமரிப்பாளராக டிசம்பர்வரை தொடரலாம். ஒன்று முடியும்போது மற்றொன்று பாதிக்கப்படாது.

குரூப்பர் இன்னொரு நல்ல பழக்கத்தைக் கற்றுத் தருகிறது. அதில் குழுக்களை மூன்று அடுக்குகளாக அமைக்கச் சொல்கிறார்கள். அடியில், பதிவேட்டிலிருந்து நேரடியாக வரும் விவரங்கள். நடுவில், “இவ்வாண்டின் செயற்குழு” போல எல்லாருக்கும் பொருள் விளங்கும் குழுக்கள். மேலே, “இந்தக் கோப்புறையைத் திறக்கலாம்” போன்ற அனுமதிக் குழுக்கள். மேலடுக்கில் யாருடைய பெயரையும் கையால் சேர்க்காமல், நடு அடுக்கின் குழுக்களை இணைத்தே அமைப்பது நல்லது. செயற்குழு மாறினால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். அதைச் சார்ந்த எல்லா அனுமதிகளும் தாமாக மாறிவிடும்.

ஒரு தாயார் கேட்ட கேள்வி

இதெல்லாம் பெரிய ஆய்வுக்கூடங்களுக்கு மட்டும்தானா? இல்லை என்பதை நான் சேர்ந்திருந்த ஒரு மாணவர் மன்றத்தில் பார்த்தேன். நான் அதில் உறுப்பினராவதற்கு முன்பிருந்தே, உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு அந்த மன்றம் ஆண்டுதோறும் முகாம் நடத்திவந்தது. பங்கேற்போரின் பெயர், பெற்றோரின் தொலைபேசி எண், ஒவ்வாமை, உடல்நலக் குறைபாடு ஆகியவை ஒரு பகிர்வுக் கோப்பில் இருந்தன.

முகாமுக்கு முன்பு ஒரு தாயார் எங்கள் செயலாளரை அழைத்தார். “தம்பி, என் மகளுக்கு ஆஸ்துமா இருக்குன்னு எழுதிக் கொடுத்தேனே, அதை எத்தனை பேர் பார்க்கலாம்?” என்று கேட்டார். செயலாளரால் எண்ணிக்கை சொல்ல முடியவில்லை. உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். செயற்குழுவில் இருந்தவர்கள் 11 பேர். கோப்பைத் திறக்கக்கூடியவர்கள் 34 பேர். அவர்களில் பலர் பட்டம் பெற்று வேலைக்குப் போய்விட்டவர்கள்.

யாரும் தீய எண்ணத்தோடு இருக்கவில்லை. ஆண்டுதோறும் புதியவர்களைச் சேர்க்க ஒரு நாள் இருந்தது. பழையவர்களை விடுவிக்க ஒரு நாள் இருக்கவில்லை. அவ்வளவுதான்.

ஒருவருக்குத் தம் வேலைக்குத் தேவையான அனுமதிக்கு மேல் கொடுக்கக்கூடாது என்ற கொள்கை புதிதல்ல. ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975ல் எழுதிய கட்டுரையிலேயே அது இருக்கிறது. சிங்கப்பூரின் 2012 தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும், நோக்கம் முடிந்த பிறகு தனிநபர் விவரங்களைத் தொடர்ந்து வைத்திருக்கக்கூடாது என்கிறது. அந்தத் தாயாரின் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடிவதே இவை எல்லாவற்றின் பயன்.

அண்ணன்மாரை எப்படி நீக்குவது?

உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. பட்டியலில் இருந்த மூத்தவர்கள் அந்த மன்றத்தை வளர்த்தவர்கள். “நேற்று வந்த பிள்ளைகள் எங்களை நீக்குகிறார்களா?” என்று ஓர் அக்கா வருத்தப்பட்டார். அவரது வருத்தம் நியாயமானது. ‘நீக்கம்’ என்ற சொல்லே தண்டனைபோல ஒலிக்கிறது.

நாங்கள் செய்தது, ஒரு குழுவிலிருந்து எடுப்பதற்கு முன் இன்னொரு குழுவை உருவாக்கியது. “முன்னாள் உறுப்பினர்கள்” என்ற குழுவுக்குப் பழைய நிழற்படங்கள், நிகழ்ச்சி அழைப்புகள், ஆலோசனைக் கூட்டக் குறிப்புகள் கிடைக்கும். முகாம் மாணவர்களின் விவரங்கள் மட்டும் கிடைக்கா. செயற்குழுப் பொறுப்பு முடியும் நாளில் ஒருவர் தாமாகவே அந்தக் குழுவுக்கு மாறிவிடுவார். யாரும் யாரையும் நீக்க வேண்டியதில்லை. தேதிதான் அதைச் செய்கிறது. வருத்தப்பட்ட அக்காவே அடுத்த முகாமுக்கு ஆலோசகராக வந்தார்.

பெரிய கூட்டமைப்புகளிலும் இதே வழிதான். விலகியவரின் பதிவை அழிப்பதில்லை. அதன் நிலையை மாற்றுகிறார்கள். அவர் செய்த பணி வரலாற்றில் இருக்கும்; அவரிடமிருந்த சாவி மட்டும் திரும்ப வந்துவிடும்.

நான்கு கேள்விகள்

உங்கள் இணைப்பாட நடவடிக்கைக்கோ இறுதியாண்டுத் திட்டப்பணிக்கோ ஒரு குழு அமைப்பதற்கு முன் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று, இவர் எந்தக் காரணத்துக்காக இந்தக் குழுவில் இருக்கிறார்? இரண்டு, இவரைச் சேர்க்க முடிவு செய்வது யார்? மூன்று, அந்தக் காரணம் எப்போது முடியும்? நான்கு, முடிந்துவிட்டதா என்று யார், எப்போது சரிபார்ப்பார்?

குழுவுக்கு ஆளின் பெயரை வைக்காமல் நோக்கத்தின் பெயரை வையுங்கள். “சுரேஷ் குழு” என்று வைத்தால், சுரேஷ் போன பிறகு அது எதற்கென்று யாருக்கும் தெரியாது. “முகாம் 2025 மருத்துவ உதவி” என்றால், எதற்காக, எதுவரை என்பது பெயரிலேயே இருக்கிறது. தேவைக்கு மேல் குழுக்களை உருவாக்கவும் வேண்டாம். யாருக்கும் நினைவில் நிற்காத 50 குழுக்களைவிட, காரணம் சொல்லக்கூடிய ஐந்து குழுக்கள் பாதுகாப்பானவை.

தொடங்குவதற்கு மென்பொருள் எதுவும் வேண்டாம். இந்த வாரம், உங்களிடம் உள்ள ஒரே ஒரு பகிர்வுக் கோப்புறையைத் திறந்து, அதில் யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு காரணமும் ஒரு தேதியும் எழுதுங்கள். எழுத முடியாத பெயர்கள் எத்தனை என்று எண்ணுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.