பூகம்பம் பிரித்த ஊர்
சிசிலியின் மலை நகரத்தில் ஒரு நாள் நடந்து பார்க்கலாம்

இத்தாலி நாட்டின் படத்தைப் பாருங்கள். பூட்ஸ் போட்ட கால் போல இருக்கும். அந்தக் காலுக்கு முன்னே, உதைபடப் போகும் பந்து போல ஒரு தீவு கிடக்கிறது. அதுதான் சிசிலி.

அந்தத் தீவின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது ரகூசா. மலை மீது அமைந்த ஊர். பெயர் ஒன்று, ஊரோ இரண்டு! உயரத்தில் இருப்பது மேலூர். அதற்குக் கீழே, தனிக் குன்றின் மேல் இருப்பது பழைய ஊர். அதன் பெயர் இப்லா.

ஓர் ஊர் இரண்டாகப் போனது ஏன்?

60 ஆயிரம் பேர் பலி

1693-ம் ஆண்டு, ஜனவரி 9-ந் தேதி இரவு பூமி நடுங்கியது. 11-ந் தேதி பகலில் மறுபடியும் குலுங்கியது. இரண்டாவது அதிர்ச்சிதான் பெரியது. சிசிலியின் அந்தப் பகுதியில் பல ஊர்கள் தரைமட்டம் ஆயின. சுமார் 60 ஆயிரம் பேர் மாண்டார்கள். ரகூசாவில் மட்டும் சுமார் 5 ஆயிரம் பேர்.

உயிர் பிழைத்தவர்களுக்குள் தகராறு வந்தது. இந்த இடமே வேண்டாம், மேலே சமதரை இருக்கிறது, அங்கே போய் வீடு கட்டுவோம் என்றார்கள் ஒரு கட்சியினர். முன்னோர் வாழ்ந்த மண்ணை விட்டு வரமாட்டோம் என்றார்கள் மற்றவர்கள்.

பூகம்பத்துக்கு முன்பே ஊரில் இரண்டு கட்சி உண்டு. புனித யோவான் கோவிலைச் சேர்ந்தவர்கள் ஒரு பக்கம். புனித ஜார்ஜ் கோவிலைச் சேர்ந்தவர்கள் மறு பக்கம். எந்தக் கோவில் பெரியது என்பதுதான் சண்டை! யோவான் கட்சி மேலே போனது. ஜார்ஜ் கட்சி கீழேயே தங்கியது. பிரபுக்களில் பலர் தங்கியவர்கள்தான்.

மேலூரில் தொடங்குங்கள்

காலையில் மேலூரில் நடக்கத் தொடங்குவது நல்லது. இறங்குவது சுலபம் அல்லவா?

இங்கே தெருக்கள் கோடு போட்டது போல நேராக இருக்கும். வெறும் நிலத்தில் திட்டம் போட்டுக் கட்டிய ஊர் இது. நடுவில் யோவான் கோவில் நிற்கிறது. மேலே வந்தவர்கள் 1694-ல் முதலில் ஒரு கோவிலைக் கட்டினார்கள். பிறகு 1718-ல் பெரிய கோவிலுக்கு வேலை தொடங்கினார்கள். மற்றபடி மேலூரில் அதிக நேரம் செலவிட வேண்டாம். கடைத்தெரு வழியே கிழக்கே இறங்குங்கள்.

தெரு முடியும் இடத்தில் "படிக்கட்டு மாதா" கோவில் இருக்கிறது. அங்கே நின்று கீழே பார்த்தால், அடடா! குன்று முழுவதும் ஓட்டு வீடுகள். ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்பது போலத் தோன்றும். அதுதான் இப்லா.

அங்கிருந்து படிக்கட்டு தொடங்குகிறது. இருநூறுக்கும் மேற்பட்ட படிகள்! நல்ல செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். வழியில் ஒரு மாதா கோவிலின் மணிக்கூண்டு தெரியும். நீலப் பூப்போட்ட ஓடு பதித்தது. இன்னும் இறங்கினால் கொசெந்தினி மாளிகை. அதன் மாடி முகப்பைத் தாங்கும் கற்களில் கோர முகங்களைச் செதுக்கி இருக்கிறார்கள். குழந்தைகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள்.

கல்லில் ஓர் அலை

இப்லாவுக்குள் நுழைந்தால் நேரான தெருவே கிடையாது. சந்துக்குள் சந்து. பழைய தெருக்களை மாற்றாமல், அவற்றின் மேலேயே புதிதாகக் கட்டினார்கள். ஏறிக்கொண்டே இருந்தால் ஒரு மைதானம் வரும். அதன் தலைப்பில், உயரமான படிகளுக்கு மேல் நிற்கிறது ஜார்ஜ் கோவில்.

கட்டியவர் ரொசாரியோ காலியார்தி என்ற சிற்பி. 18-ம் நூற்றாண்டில் எழுந்த கோவில் இது. முகப்பு தட்டையாக இல்லை. நடுப்பகுதி வயிறு போல முன்னே புடைத்து நிற்கிறது. தூண்கள் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. இளமஞ்சள் கல். வெயில் சாயச் சாய நிறம் மாறும். இந்த ஆடம்பரமான பாணிக்குத்தான் பரோக் என்று பெயர். மேலே இருக்கும் கூண்டு 1820-ல் கட்டியது.

மேலே போனவர்களை விடக் குறைந்த இடத்தில், இடிபாட்டின் மேல், இத்தனை அழகைக் கட்டி இருக்கிறார்கள். கோபத்திலும் ஒரு நன்மை இருக்கத்தான் செய்கிறது!

ஆனால் பிஷப் எங்கே இருக்கிறார் தெரியுமா? 1950-ல் ரகூசாவுக்குத் தனி மேற்றிராசனம் கிடைத்தபோது, தலைமைக் கோவிலாக ஆனது மேலூர் யோவான் கோவில்தான். அழகு கீழே, அதிகாரம் மேலே.

நகராட்சியும் இப்படித்தான். 1865-ல் இரண்டு ஊரும் தனித்தனி நகராட்சி ஆயின. 1926-ல்தான் மறுபடி ஒன்றாகச் சேர்ந்தன. 2002-ல் யுனெஸ்கோ நிறுவனம், பூகம்பத்துக்குப் பின் எழுந்த 8 ஊர்களை உலகச் சொத்தாக அறிவித்தது. அதில் ரகூசாவும் ஒன்று.

பகலில் பல கோவில்களை மூடிவிடுவார்கள். அந்த நேரத்தில் சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள். "ஸ்காச்சா" என்று ஒரு பண்டம் உண்டு. மெல்லிய ரொட்டியை மடித்து மடித்து, உள்ளே தக்காளியும் பாலாடைக் கட்டியும் வைத்துச் சுடுவார்கள். அந்தப் பாலாடைக் கட்டியும் இந்த ஊர்ச் சரக்குதான். செங்கல் வடிவில், பத்துக் கிலோவுக்குக் குறையாமல் இருக்கும். இரண்டிரண்டாகக் கயிற்றில் கட்டி, உத்தரத்தில் தொங்கவிட்டுப் பதப்படுத்துவார்கள்.

மிஞ்சிய வாசல்

ஊரின் கிழக்குக் கோடியில் ஒரு பூங்கா. அங்கே நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். அதன் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கல் வளைவைக் காணலாம். பூகம்பத்துக்கு முந்திய ஜார்ஜ் கோவிலின் வாசல் அது. கோவில் போய்விட்டது, வாசல் மட்டும் மிஞ்சியது. அதன் மேலே, குதிரை ஏறிய புனித ஜார்ஜ் இன்னும் அரக்கப் பாம்பைக் குத்திக்கொண்டு இருக்கிறார். கல் தேய்ந்து முகம் மங்கிவிட்டது.

மேலூருக்குத் திரும்ப அந்தப் படிகளை எல்லாம் ஏற வேண்டுமே என்று பயப்பட வேண்டாம். பூங்கா அருகிலேயே பஸ் கிடைக்கும்.