தலைமயிர் கொட்டுவது டென்மார்க் தண்ணியாலா?

இஷொயில் அண்மையில் ஒரு பிறந்தநாள் விழா. மண்டபச் சுவரில் வீட்டுக்காரரின் பழைய படங்களை ஒட்டியிருந்தார்கள். 1986 இல் டென்மார்க் வந்து சேர்ந்த சில வாரங்களில் எடுத்த படமும் அதில் ஒன்று. நெற்றியில் புரளும் அடர்ந்த சுருள்மயிர், காதை மூடிய கிருதா. பேரன் ஒருவன் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்பப்பா, இது ஆர்?" என்று கேட்டான். மண்டபமே சிரித்தது.

சிரிக்காத ஒருவர் இருந்தார். அவருடைய இளைய மகன், 24 வயது. உள்ளே வந்ததில் இருந்து தொப்பியைக் கழற்றவில்லை. படம் எடுக்கக் கூப்பிட்டபோது வெளியே போய்விட்டான். தகப்பன் என்னிடம் சொன்னார்: "நல்லெண்ணெய் வைச்சுத் தோய் எண்டு சின்னனிலை இருந்து சொன்னனான். கேட்டால்தானே. இந்தத் தண்ணியும் சரியில்லை அண்ணை. ஊரிலை இருந்திருந்தால் இப்படிக் கொட்டியிருக்குமே?"

இந்தக் கேள்வியை முப்பது வருடங்களாகக் கேட்டு வருகிறோம். ஒருமுறை ஒழுங்காகப் பதில் சொல்லிப் பார்ப்போம்.

முதலில் தண்ணீர். கொப்பன்கேகன் பகுதியின் குழாய்நீரில் சுண்ணாம்பு அதிகம் என்பது உண்மை. சீலண்டின் நிலத்தடியே சுண்ணாம்புப் பாறை. கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிவது அதுதான். அந்தத் தண்ணீரில் தோய்ந்தால் மயிர் சொரசொரப்பாகும், சம்பு நுரைக்க மறுக்கும். ஆனால் மயிர் முளைக்கும் வேர்ப்பை தோலுக்கு உள்ளே இருக்கிறது. வெளியே ஓடும் சுண்ணாம்பு அதை வழுக்கையாக்குவதில்லை. அதைவிட, நாங்கள் மறந்துபோகும் விடயம் ஒன்று உண்டு. யாழ்ப்பாணக் குடாநாடும் சுண்ணாம்புக்கல் நிலம். எங்கள் கிணற்றுத் தண்ணீரும் கடினநீர்தான். ஊர்க் கேத்திலின் அடியும் வெள்ளையாகத்தான் இருந்தது. அந்தத் தண்ணீரில் தோய்ந்து, அரப்பும் நல்லெண்ணெயும் வைத்த எங்கள் பாட்டன்மாரில் எத்தனை பேர் வழுக்கைத் தலையோடு திண்ணையில் இருந்தார்கள் என்பதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

எண்ணெய் மயிரின் வெளித்தண்டை மினுக்கும், உடைவைக் குறைக்கும். அவ்வளவுதான். அந்தப் பையன் எண்ணெய் வைக்காததால் வந்ததல்ல இது.

அப்படியானால் எதனால்? 1942 இல் ஜேம்ஸ் ஹமில்ரன் என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர் ஒரு முக்கியமான அவதானிப்பை வெளியிட்டார். பருவமடையும் முன்பே விதை அகற்றப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை. அவர்களுக்கு ஆண் ஹோர்மோனாகிய ரெஸ்ரொஸ்ரெரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு மட்டும் விழத் தொடங்கியது. அதாவது இரண்டும் வேண்டும்: ஹோர்மோன், பரம்பரை. ரெஸ்ரொஸ்ரெரோன் உடலில் டைஹைட்ரோரெஸ்ரொஸ்ரெரோனாக மாறுகிறது. பரம்பரையால் அதற்கு உணர்திறன் கூடிய வேர்ப்பைகள், முன்நெற்றியிலும் உச்சியிலும், ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகின்றன. மயிர் ஒரே நாளில் விழுந்துவிடுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் முன்னதைவிட மெலிந்து, குட்டையாகி, கடைசியில் பூனைமயிராகிறது. பிடரியிலும் காதோரத்திலும் உள்ள வேர்ப்பைகளுக்கு அந்த உணர்திறன் இல்லை. அதனால்தான் வழுக்கைக்கும் ஒரு மாலை மிஞ்சுகிறது.

"தாய்மாமனைப் பார், அவனைப் போலத்தான் வரும்" என்று மனைவி வீட்டாரைக் குற்றம் சாட்டும் வழக்கம் எம்மிடம் உண்டு. பாதி சரி. ஆண் ஹோர்மோனை ஏற்கும் மரபணு எக்ஸ் நிறப்புரியில் இருக்கிறது. அது மகனுக்குத் தாயிடமிருந்தே வரும். ஆனால் 2017 இல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 52,000 இற்கு மேற்பட்ட ஆண்களின் மரபுத் தரவுகளை ஆராய்ந்து, வழுக்கையோடு தொடர்புடைய 280 இற்கு மேற்பட்ட மரபணுப் பகுதிகளைக் கண்டார்கள். பெரும்பாலானவை இரு பக்கத்தாலும் வரக்கூடியவை. ஆகவே தகப்பன்மார் தப்ப முடியாது.

கவலையால் கொட்டாதா என்று கேட்பீர்கள். கொட்டும், ஆனால் வேறு விதமாக. கடும் காய்ச்சல், சத்திரசிகிச்சை, பெரிய அதிர்ச்சி, திடீர் எடைக்குறைவு ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதங்களின் பின் தலை முழுவதும் பரவலாக மயிர் உதிரும். காரணம் நீங்கினால் அது பெரும்பாலும் திரும்பி முளைத்துவிடும். எங்கள் முதல் தலைமுறைக்கு இதற்கான காரணங்கள் குறைவில்லை. 1987 இல் அன்றைய நீதியமைச்சர் எரிக் நின் ஹன்சன் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போடவைத்தார். அந்த விவகாரத்தால் 1993 இல் பிரதமர் போல் சுலூற்றர் பதவி விலகினார், 1995 இல் நின் ஹன்சன் தண்டிக்கப்பட்டார். அந்த ஆண்டுகளில் மனைவிக்காகக் காத்திருந்தவர்கள் தலையணையில் மயிரைக் கண்டிருந்தால் வியப்பில்லை. ஆயினும் நெற்றியின் இரு மூலையிலும் ஏறி, உச்சியில் வட்டமாய் வெளித்தது அகதி வாழ்வின் வேலை அல்ல. அது ஊரில் இருந்திருந்தாலும் வந்திருக்கும். இதைச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. இழந்தவை எல்லாவற்றோடும் மயிரையும் சேர்த்துவிட்டோம் போலும்.

நரையின் கதை வேறு. மயிருக்கு நிறம் கொடுக்கும் கலங்கள் வேர்ப்பையில் உள்ள மூலக்கலங்களில் இருந்து பிறக்கின்றன. அந்தச் சேமிப்பு தீர்ந்தால் அடுத்து முளைப்பது வெள்ளையாகவே முளைக்கும். ஏற்கனவே வெளியில் நிற்கும் கறுப்பு மயிர் வெளுப்பதில்லை. எனவே ஒரே இரவில் நரைத்தது என்ற கதைகளை நம்பவேண்டாம். மனஅழுத்தம் நரைக்கு வழிவகுக்கும் என்பதை 2020 இல் ஹாவர்ட் ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். புறநானூற்றின் 191 ஆம் பாடலில் பிசிராந்தையார் தனக்கு வயதாகியும் நரை வராததற்குக் காரணம் சொல்கிறார்: நல்ல மனைவி, அறிவுள்ள பிள்ளைகள், சொற்கேட்கும் ஏவலர், நீதியான அரசன், ஊரில் சான்றோர். கவலையின்மைதான் அவருடைய விளக்கம். எலிகளைப் பார்க்காமலே சொன்னார். ஆனாலும் மனிதரில் பெரும் பங்கு பரம்பரைக்கும் வயதுக்கும்தான். இருபத்தைந்துக்கு முன்பே நரைத்தால் மட்டும் பி12, தைரொயிட் இரண்டையும் பரிசோதிக்கக் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். சைவ உணவுக்காரருக்கு பி12 குறைவது வழமை. புகைத்தலும் முன்நரையோடு தொடர்புடையது.

சாயம் பூசுவோருக்கு ஒரு எச்சரிக்கை. கறுப்புச் சாயங்களில் பெரும்பாலும் பிபிடி எனப்படும் பரா-பினைலின்டைஅமைன் இருக்கிறது. ஒவ்வாதவர்களுக்குப் பூசி ஓரிரு நாளில் கண்மடல், காது, நெற்றி வீங்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் தலைச்சாயத்தில் இதன் அளவு 2 வீதத்தைத் தாண்டக்கூடாது. ஊரில் இருந்து பொதியில் வரும் பொடிச் சாயத்துக்கு அந்தக் காவல் இல்லை. எனக்கே ஒருமுறை அப்படி ஒரு பொடியால் முகம் வீங்கி, இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. வேலைத்தலத்தில் தேனீ கொட்டியது என்று சொன்னேன், மாசி மாதத்தில். விடுமுறையில் பிள்ளைகளின் கையில் போடும் "கறுப்பு மருதாணி"யிலும் இதே பிபிடி கலக்கிறார்கள். சிறுவயதில் அதனால் ஒவ்வாமை உண்டானால் பின்னாளில் தலைச்சாயமே பூச முடியாமல் போகலாம்.

இனி, எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் நடந்த ஓர் ஆய்வு. 1976 இல் தொடங்கிய கொப்பன்கேகன் நகர இதய ஆய்வில் மருத்துவர்கள் இரத்த அழுத்தத்தோடு நரை, வழுக்கை, முகச்சுருக்கம் ஆகியவற்றையும் குறித்து வைத்தார்கள். 10,885 பேரை 35 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த முடிவு 2014 இல் வெளியானது. நரைக்கும் முகச்சுருக்கத்துக்கும் இதயநோயோடு தனித்த தொடர்பு இல்லை. நெற்றி வழுக்கைக்கும் உச்சி வழுக்கைக்கும், கண்மடலில் படியும் மஞ்சள் கொழுப்புக்கும், காதுமடல் கோட்டுக்கும் தொடர்பு இருந்தது. பயந்துவிடாதீர்கள். வழுக்கை மாரடைப்பைக் கொண்டுவருவதில்லை. அது ஓர் அடையாளம் மட்டுமே. ஆனால் தெற்காசியருக்கு நீரிழிவும் இதயநோயும் டேனிஷ்காரரைவிடக் கூடுதலாகவும் இளவயதிலும் வருகின்றன. ஆகவே கண்ணாடியில் உச்சியைப் பார்க்கச் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியை இரத்த அழுத்தமும் சீனியும் கொழுப்பும் பார்க்கச் செலவிடலாம். குடும்ப வைத்தியரிடம் போக இங்கே காசும் இல்லை.

மருந்து இல்லையா? இரண்டு உண்டு. மினொக்சிடில் இரத்த அழுத்தத்துக்கான குளிசையாக வந்தது. குடித்தவர்களின் உடலில் மயிர் வளர்வதைக் கண்டு, 1988 இல் அமெரிக்காவில் தலையில் பூசும் மருந்தாக அனுமதித்தார்கள். பலன் தெரிய நான்கு மாதமாவது வேண்டும். முதல் வாரங்களில் இன்னும் கொட்டலாம். நிறுத்தினால் பழைய நிலைதான். வீட்டில் பூனை இருந்தால் கவனம், அதற்கு இது நஞ்சு.

மற்றது பினஸ்ரெரைட். முன்னான்சுரப்பி வீக்கத்துக்கு 1992 இலும், வழுக்கைக்கு ஒரு மில்லிகிராம் அளவில் 1997 இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மேலும் கொட்டாமல் தடுப்பதே இதன் முக்கிய வேலை. சிலருக்குப் பாலுணர்வுக் குறைவும் மனச்சோர்வும் உண்டாகின்றன. 2025 மே மாதம் ஐரோப்பிய மருந்து முகாமை, தற்கொலை எண்ணத்தையும் இக்குளிசையின் பக்கவிளைவாக உறுதிப்படுத்தியது. எங்கள் பையன்கள் இதை வைத்தியருக்குத் தெரியாமல் இணையத்தில் வாங்குகிறார்கள் என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன். கர்ப்பிணிகள் உடைந்த குளிசையைத் தொடக்கூடாது. வயதானவர்கள் இதைக் குடித்தால், முன்னான்சுரப்பிப் புற்றுநோய்க்கான பிஎஸ்ஏ பரிசோதனையின் அளவு ஏறத்தாழப் பாதியாகக் காட்டும். வைத்தியரிடம் மறைத்தால் நோய் மறைந்துவிடும்.

துருக்கிக்குப் போய் நடுவது இப்போது வழமை. பிடரி மயிரை எடுத்து முன்னால் நடுகிறார்கள். நட்டது நிற்கும், ஆனால் சுற்றியுள்ளது தொடர்ந்து கொட்டும். இருபத்திரண்டு வயதில் அவசரப்பட்டால் நாற்பதில் முன்னால் ஒரு தீவும் பின்னால் கடலுமாக நிற்க நேரிடலாம். பிடரியில் உள்ள சேமிப்பும் அளவானது.

பலர் மழித்துவிடுகிறார்கள். டேனிஷ் பையன்களுக்கு அது ஒரு விடயமே இல்லை. எங்களுக்கு மொட்டை என்றால் நேர்த்திக்கடன், இல்லையேல் செத்தவீடு. அங்குதான் சிக்கல். முழு வழுக்கையோடு பொது மேடைக்கு வரும் ரஜினிகாந்தையும், 2011 இல் "மங்காத்தா"வில் நரைத்த தலையோடு நடித்த அஜித்தையும் விசிலடித்து ரசித்தோம். வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கலியாணம் பொருந்தாதே என்று ஏங்குகிறோம். இளைஞன் தீர்ப்புச் சொல்வதா என்று வழக்காளிகள் தயங்கியபோது, கரிகாலன் பொய்நரை அணிந்து வந்து நீதி சொன்னான் என்று பழங்கதை உண்டு. இன்று அதே தலைக்கு எதிர்ப்பக்கம் வேடம் போடுகிறோம்.

விழா நடந்து சில வாரங்களின் பின் அந்தப் பையன் தலையை முழுதாக மழித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறான். கதவைத் திறந்த தாய், "ஐயோ, ஆர் மோனை செத்தது?" என்று அழுதிருக்கிறா. இரண்டு நாள் கதைக்கவில்லை. தகப்பன் ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெய்க் கதையையும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் தாய் இஷொய் பைசென்ரருக்குப் போய், கம்பளித் தொப்பி ஒன்று வாங்கி வந்து மகனிடம் கொடுத்திருக்கிறா. கடற்காற்றுக்கு மொட்டைத் தலை விறைக்குமாம்.