வீடும் ஒரு மருந்து

ஏன் மாத்திரை மட்டும் போதாது?

மனச்சிதைவு நோய் உள்ளவருக்கு யாரும் பேசாதபோதும் குரல்கள் கேட்கலாம். மூளையின் சில பகுதிகளில் டோபமின் என்ற வேதிப்பொருள் மிகையாகச் செயல்படுவது இதற்கு முக்கியக் காரணம். 1950-களில் வந்த குளோர்புரோமசின் முதல் இன்றைய மருந்துகள் பலவும் டோபமின் ஏற்பிகளைத் தடுத்துக் குரல்களைத் தணிக்கின்றன. ஆனால் ஆர்வமின்மை, ஒதுங்கிப்போதல், திட்டமிட முடியாமை ஆகியவற்றை அவை அதிகம் மாற்றுவதில்லை.

ஆண்டுக்கணக்கில் மருத்துவமனை வார்டிலேயே இருந்தால் இந்தக் குறைகள் கூடும். எப்போது சாப்பிடுவது, என்ன உடுத்துவது எல்லாவற்றையும் பிறரே தீர்மானிப்பதால், பயன்படுத்தாத திறன்கள் மங்குகின்றன.

இத்திறன்களை எப்படி மீட்பது?

வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-இல் சென்னையில் தொடங்கிய 'தி பான்யன்' மனநலத் தொண்டு அமைப்பு, 2015-இல் 'ஹோம் அகெய்ன்' திட்டத்தைக் கொண்டுவந்தது. தாம்பரத்துக்குத் தென்கிழக்கே கோவளம் வட்டாரத்தில் ஊருக்குள் சாதாரண வாடகை வீடுகள். ஒவ்வொன்றிலும் நான்கைந்து பேர், துணைக்கு ஒரு பணியாளர். மருந்து தொடரும். கூடவே காய்கறி வாங்குவது, சமைப்பது, பக்கத்து வீட்டாரிடம் பேசுவது என அன்றாட வேலைகளும் உண்டு. திட்டமிடல், நினைவாற்றல், பழகும் திறன் மூன்றுக்கும் இவையே பயிற்சி. மறுவாழ்வுச் சிகிச்சை என்பது இதுதான்.

நோய் முற்றும்வரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும். மருத்துவர் மாத்திரை எழுதித் தரும்போது, மறுவாழ்வுப் பயிற்சி எங்கே கிடைக்கும் என்றும் கேளுங்கள்.