மேய்ச்சல் செடி மண்ணுக்கேற்ப மாறுவது எப்படி?

மணலி புதுநகரில் மாடுகளுக்குக் கிடைப்பது சாலையோரத்து அறுகும் காலி மனைகளின் கோரையும்தான். வெள்ளை கிளோவர் இங்கே வளராது. அது குளிர் பிரதேசத்து மேய்ச்சல் செடி. தமிழ்நாட்டில் அதைப் பார்க்க ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போக வேண்டும். மூன்று மூன்று இலைகளோடு தரையில் படர்ந்திருக்கும். பூக்காத நேரத்தில் பார்த்தால் புளியாரை என்றே தோன்றும். ஐரோப்பாவிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய இந்தச் செடி, போன இடத்துக்கெல்லாம் எப்படிப் பொருந்திக்கொண்டது?

விடை ஒரு நஞ்சில் இருக்கிறது. மரவள்ளி இலையை அதிகம் தின்ற ஆடு செத்துப்போவதை நம் விவசாயிகள் அறிவார்கள். மரவள்ளியில் உள்ள லினமாரின் என்ற அதே பொருள் கிளோவரிலும் கொஞ்சம் உண்டு. இலை கடிபட்டு நசுங்கியதும் அது ஒரு நொதியோடு சேர்ந்து சயனைடை வெளியிடும். நத்தையும் பூச்சியும் விலகிப் போகும். லினமாரினை உண்டாக்க ஒரு மரபணு, நொதியை உண்டாக்க இன்னொரு மரபணு வேண்டும். இரண்டில் ஒன்று பழுதானாலும் சயனைடு வராது. அதனால் ஒரே புல்வெளியில் நஞ்சுள்ள செடியும் இல்லாத செடியும் பக்கத்தில் பக்கத்தில் வளர்கின்றன.

ஐரோப்பா முழுவதும் இதைக் கணக்கெடுத்த டாடே என்ற ஆய்வாளர் 1954இல் முடிவுகளை வெளியிட்டார். மத்தியதரைக் கடல் ஓரத்தில் பெரும்பாலான செடிகளில் நஞ்சு இருந்தது. வடகிழக்கே போகப் போகக் குறைந்து, கடைசியில் ஏறக்குறைய இல்லாமலே போனது. ஆல்ப்ஸ் மலையில் மேலே ஏறினாலும் அதே கதைதான். வெப்பமான ஊரில் பூச்சித் தொல்லை அதிகம், நஞ்சு காப்பாற்றுகிறது. கடுங்குளிரில் பூச்சி குறைவு. நஞ்சைச் செய்யும் செலவு வீணாகிறது. உறைபனியில் செல்கள் உடைந்தால் நஞ்சு செடியையே தாக்கும் என்ற விளக்கமும் உண்டு. அது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

இதில் எந்தத் தனிச் செடியும் குளிருக்குப் பழகி நஞ்சைக் கைவிடவில்லை. இதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இடம் ஒரு சல்லடை மாதிரி வேலை செய்கிறது: அங்கே தாக்குப்பிடித்த செடிகள் அதிகம் விதைக்கின்றன, தலைமுறை தோறும் கூட்டத்தின் கலவை மாறுகிறது. நகரமும் அப்படியொரு சல்லடைதான். 26 நாடுகளின் 160 நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிளோவர் செடிகளைச் சோதித்த ஆய்வு 2022இல் வந்தது. அவற்றில் 39 விழுக்காடு நகரங்களில், நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையே நஞ்சுச் செடிகளின் விகிதம் படிப்படியாக மாறியிருந்தது.

இரண்டு ஊர்களில் வளரும் ஒரே வகைச் செடிகளுக்கு இடையிலான வேறுபாடு மரபணுவில் இருக்கிறதா, மண்ணால் வந்ததா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இரண்டு ஊர்ச் செடிகளையும் ஒரே மண்ணில், ஒரே தண்ணீரில் வளர்க்க வேண்டும். வேறுபாடு மறைந்தால் அது மண்ணின் வேலை, நீடித்தால் மரபு. பாகிஸ்தானில் உப்பு மலைத்தொடரின் அறுகையும் ஃபைசலாபாத் அறுகையும் இப்படி ஒப்பிட்டபோது, உப்பு மலை அறுகே உப்பை நன்றாகத் தாங்கியது.

இந்தச் சோதனையை நம் பள்ளி மாணவர்களே செய்யலாம். எண்ணூர்க் கழிமுகத்து உவர்க் கரையிலிருந்து கொஞ்சம் அறுகு, பொன்னேரி வயல் வரப்பிலிருந்து கொஞ்சம். பழைய மண்ணின் பாதிப்பு நீங்க இரண்டையும் சில மாதம் ஒரே மண்ணில் வளர்த்து, பிறகு உப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும்.

மணலி, எண்ணூர்ப் பகுதியில் பசுமைப் பரப்பு அமைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உவர் மண்ணில் நடுவதற்கு வெளியூர் நர்சரிப் புல்லை லாரியில் இறக்குவதற்கு முன், அதே மண்ணில் பல தலைமுறை தாக்குப்பிடித்து நிற்கும் புல்லிலிருந்து தண்டு எடுத்து நட்டுப் பாருங்கள்.