உங்களுக்குத் தெரியுமா? – புகையிலையும் பள்ளிக்கூட வயதும்

புகைப்பழக்கம் பெரியவர்கள் சமாச்சாரம் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் அது தொற்றிக்கொள்வது பெரும்பாலும் பள்ளிப் பருவத்தில். இது புகையிலை வியாபாரிகளுக்கு நன்றாகத் தெரியும். சட்டம் எழுதியவர்களுக்கும் தெரியும். பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் கடைக்காரருக்கும் தெரிந்தாக வேண்டிய சில செய்திகள் இங்கே.

★ பத்து வயதுக்கு முன்பே
உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின் நான்காம் சுற்று 2019-ல் இந்தியாவில் நடந்தது. 13 முதல் 15 வயது வரையுள்ள பள்ளி மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்தினார்கள். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற கணக்கு. சிகரெட் பழகிய பிள்ளைகளில் 38 சதவீதம் பேரும், பீடி பழகியவர்களில் 47 சதவீதம் பேரும், மெல்லும் புகையிலை பழகியவர்களில் 52 சதவீதம் பேரும் பத்து வயது நிறைவதற்குள் அதைத் தொட்டுவிட்டவர்கள்.

★ பத்தே விநாடி
உள்ளே இழுத்த புகையிலிருக்கும் நிகோடின் மூளையைச் சென்றடையப் பத்து விநாடி அளவுதான் ஆகும். மனித மூளையோ ஏறத்தாழ 25 வயது வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. வளரும் மூளை நிகோடினுக்குச் சீக்கிரம் அடிமையாகிவிடும். 'சும்மா ஒரு தம்' என்று நண்பர்களோடு ஆரம்பிக்கும் பையன், வேலைக்குப் போய்க் கல்யாணம் ஆன பிறகும் விட முடியாமல் தவிப்பதற்கு இதுதான் காரணம்.

★ தப்பித்துவிட்டால் தப்பித்ததுதான்
அமெரிக்காவில் தினமும் புகைக்கும் பெரியவர்களில் ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது பேர் 18 வயதுக்குள் முதல் சிகரெட்டைப் பிடித்துப் பார்த்தவர்கள். அந்த வயதைப் புகையில்லாமல் கடந்துவிட்ட பிள்ளை, பிறகு அந்தப் பக்கம் போவது அபூர்வம்.

★ கம்பெனிக்குள் எழுதிய கணக்கு
1980-களில் அமெரிக்க சிகரெட் நிறுவனங்களுக்குள் சுற்றிய குறிப்புகள் பின்னாளில் வழக்குகள் மூலம் வெளியே வந்தன. இன்றைய பதின்வயதுப் பிள்ளைதான் நாளைய நிரந்தர வாடிக்கையாளர் என்ற பொருளில் 1981-ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று பேசுகிறது. புகைத்துப் புகைத்துச் செத்துப்போனவர்களின் இடத்தையும் விட்டுவிட்டவர்களின் இடத்தையும் நிரப்ப இளம் வயதினரைத் தவிர வேறு வழியில்லை என்பதை 1984-ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று அலசுகிறது.

★ மிக்கி மவுசுக்குப் போட்டி
கேமல் சிகரெட் விளம்பரத்துக்காக அமெரிக்காவில் 'ஜோ கேமல்' என்ற ஒட்டகக் கார்ட்டூன் 1988-ல் வந்தது. ஆறு வயதுக் குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேர் அந்த ஒட்டகத்தைச் சிகரெட்டோடு சரியாகப் பொருத்திக் காட்டினார்கள் என்று 1991-ல் வந்த மருத்துவ ஆய்வு சொன்னது. மிக்கி மவுசை அடையாளம் கண்ட அளவுக்கு அதையும் கண்டுகொண்டார்கள்! கடும் எதிர்ப்புக்குப் பிறகு 1997-ல் ஒட்டகம் நிறுத்தப்பட்டது. மறு ஆண்டே 46 மாநிலங்களோடு சிகரெட் நிறுவனங்கள் செய்துகொண்ட உடன்படிக்கையில் கார்ட்டூன் விளம்பரங்களுக்கே தடை வந்தது.

★ நூறு கெஜம்
பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், எந்தப் புகையிலைப் பொருளும் விற்கக் கூடாது என்கிறது இந்தியாவின் 2003-ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு. வாசலிலிருந்து நடந்துபோகும் தூரம் கணக்கில்லை. சுற்றுச்சுவரின் வெளி விளிம்பிலிருந்து நாலாபுறமும் அளக்க வேண்டும். பள்ளியின் பின்புறச் சந்தில் இருக்கும் பெட்டிக்கடையும் இதற்குள் வந்துவிடும்.

★ இருநூறு ரூபாயும் ஏழு ஆண்டும்
18 வயது நிறையாதவருக்குச் சிகரெட் விற்றால் மேற்சொன்ன சட்டப்படி அபராதம் 200 ரூபாய் வரைதான். ஆனால் 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவைப் பாருங்கள். குழந்தைக்குப் புகையிலை கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். 'மாமாவுக்கு ஒரு சிகரெட் வாங்கிட்டு வா' என்று வீட்டுப் பிள்ளையைக் கடைக்கு அனுப்புகிறவர்கள், எவ்வளவு பெரிய தவறுக்குத் துணைபோகிறோம் என்று யோசிக்க வேண்டும்.

★ பொறுப்பு கடைக்காரருடையது
வாங்க வந்தவர் 18 வயது நிறைந்தவர்தான் என்பதை உறுதிசெய்யும் பொறுப்பு விற்பவரைச் சேர்ந்தது. சந்தேகம் இருந்தால் வயதுச் சான்று கேட்கலாம். சிறுவர்களுக்கு விற்பது குற்றம் என்ற அறிவிப்புப் பலகை கடையில் இருக்க வேண்டும். பிள்ளைகள் கைக்கு எட்டும்படி அடுக்கி வைக்கவும் கூடாது. கல்லாவில் சிறுவனை உட்காரவைத்து விற்கச் சொல்வதும் விதிமீறலே.

★ சில்லறைச் சிகரெட்டின் ஆபத்து
முழு பாக்கெட் வாங்கப் பள்ளிப் பிள்ளையிடம் பணம் இருக்காது. ஒற்றைச் சிகரெட்டுக்கு இருக்கும். பாக்கெட்டில் அச்சிட்ட எச்சரிக்கைப் படமும் அவன் கண்ணில் படாது. இதனால்தான் கர்நாடகம், மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்கள் சில்லறை விற்பனைக்குத் தடை விதித்தன.

★ 85 சதவீதம்
இந்தியாவில் 2016 ஏப்ரல் முதல் புகையிலைப் பாக்கெட்டின் இரு முகப்பிலும் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைக்கு ஒதுக்கியாக வேண்டும். உலகின் மிகப் பெரிய எச்சரிக்கைகளில் இதுவும் ஒன்று. ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேலே போனது. 2012 டிசம்பர் முதல் கம்பெனியின் சின்னம், பளபளப்பு எதுவுமில்லாத ஒரே மாதிரியான மங்கிய நிற பாக்கெட்டில் மட்டுமே விற்க வேண்டும் என்று உலகிலேயே முதலில் சட்டமாக்கியது.

★ கேரளம் காட்டிய வழி
அடுத்தவர் விடும் புகையைச் சுவாசிக்கும் நிலையை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், பொது இடத்தில் புகைப்பது அரசியல் சட்டம் தரும் வாழும் உரிமைக்கு எதிரானது என்று 1999 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முரளி தேவ்ரா என்பவர் தொடர்ந்த வழக்கில் 2001-ல் உச்ச நீதிமன்றமும் பொது இடத்தில் புகைக்கத் தடை விதித்து நாடு முழுமைக்கும் உத்தரவிட்டது. 2008 அக்டோபர் 2, காந்தி பிறந்தநாளில், இன்றுள்ள விதிகள் நடைமுறைக்கு வந்தன. பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், உணவகம், அலுவலகம் எல்லாமே இந்தத் தடையில் அடங்கும்.

★ திரையில் வரும் எச்சரிக்கை
படம் தொடங்கும்போதும் இடைவேளைக்குப் பிறகும் புகையிலை எச்சரிக்கைப் படம் காட்டுவது 2012 அக்டோபர் 2 முதல் கட்டாயமானது. புகைக்கும் காட்சி ஓடும்போது திரையின் கீழே எச்சரிக்கை வாசகமும் வர வேண்டும். 2023 செப்டம்பர் 1 முதல் ஓடிடி தளங்களுக்கும் இது பொருந்தும். திரையில் புகைக்கும் காட்சிகளைப் பார்ப்பது இளையோரைப் புகைக்கத் தூண்டுகிறது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2012 அறிக்கை உறுதியாகவே முடிவு சொன்னது. ரசிகர்களை நேசிக்கும் நாயகர்கள் சிகரெட்டை ஸ்டைலாகப் பற்றவைக்காமல் இருப்பதே அவர்களுக்குச் செய்யும் நல்ல காரியம்.

★ உதட்டுக்குள் ஒளியும் புகையிலை
புகை வராது, வாசனையும் தெரியாது என்பதால் 'கூல் லிப்' போன்ற சிறு பொட்டலங்கள் வகுப்பறைக்குள்ளேயே நுழைந்துவிட்டன. மாணவர்களிடையே இது பரவுவது பற்றி 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கடும் கவலை தெரிவித்தது. தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலாவுக்கு எதிரான தடை உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2013 முதல் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. பிள்ளையின் கீழுதடு அடிக்கடி உப்பித் தெரிந்தால் பெற்றோர் அன்போடு விசாரியுங்கள்.

★ பேனா மாதிரி இருக்கும், பேனா இல்லை
மாம்பழம், புதினா என்று வாசனை சேர்த்து, பென் டிரைவ் வடிவத்தில் வரும் இ-சிகரெட்டை இந்தியா 2019-ல் சட்டம் போட்டுத் தடுத்தது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. மறுமுறை மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும் உண்டு.

★ தண்ணீர் வடிகட்டாது
ஹூக்கா புகை தண்ணீர் வழியாக வருவதால் கெடுதல் இல்லை என்பது தவறான நம்பிக்கை. ஒரு மணி நேரம் ஹூக்கா இழுப்பவர், ஒரு சிகரெட்டைப்போல நூறு மடங்குக்கும் அதிகமான புகையை உள்ளே இழுக்கக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹூக்கா பார்களைத் தடைசெய்யும் மசோதாவைத் தமிழ்நாடு சட்டப்பேரவை 2022-ல் நிறைவேற்றியது.

★ பீடியும் சாதுவல்ல
இலையில் சுற்றியதால் பீடி இயற்கையானது என்பார்கள். அந்த இலை சரியாக எரியாது. அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். அதனால் நிகோடினும் கார்பன் மோனாக்சைடும் உள்ளே அதிகமாகப் போகின்றன.

★ விலை ஏறினால் கை இறங்கும்
இந்தியா போன்ற நாடுகளில் புகையிலை விலை 10 சதவீதம் ஏறினால் பயன்பாடு 5 சதவீத அளவுக்குக் குறையும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விலையேற்றத்துக்கு முதலில் பின்வாங்குவது பாக்கெட் மணியை எண்ணிச் செலவழிக்கும் இளையோரே. அதனால்தான் மருத்துவர்கள் ஒவ்வொரு பட்ஜெட்டுக்கு முன்பும் வரியை உயர்த்தச் சொல்கிறார்கள்.

★ 21 என்றும், என்றென்றும்
இலங்கையில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயது நிறையாதவருக்குப் புகையிலை விற்கக் கூடாது. சிங்கப்பூரிலும் 2021 முதல் அதே வயதுதான். மாலத்தீவு 2025 நவம்பர் 1-ல் இன்னும் துணிந்தது. 2007 ஜனவரி 1 முதல் பிறந்த எவரும் எந்த வயதிலும் அங்கே புகையிலை வாங்கவோ புகைக்கவோ முடியாது. சுற்றுலாப் பயணிகளுக்கும் இதே சட்டம்தான். நியூசிலாந்து 2022-ல் இப்படியொரு சட்டம் இயற்றி, நடைமுறைக்கு வருமுன்பே 2024-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

★ ஐஸ்லாந்து செய்தது
1998-ல் ஐஸ்லாந்தின் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 23 சதவீதம் பேர் தினமும் புகைத்தார்கள். 2016-ல் அது 3 சதவீதம். வெறும் அறிவுரையால் இது நடக்கவில்லை. விளையாட்டு, இசை, நடன வகுப்புகளில் சேரப் பிள்ளைகளுக்கு நகராட்சிகள் பணம் கொடுத்தன. இரவில் பிள்ளைகள் நேரத்தோடு வீடு திரும்பப் பெற்றோர்கள் சேர்ந்து ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். மாலை நேரத்துக்கு நல்ல வேலை கிடைத்தது. சிகரெட் தானாக விலகியது.

★ நம்மாலும் முடிகிறது
இந்தியாவில் 15 முதல் 24 வயதினரிடையே புகையிலைப் பயன்பாடு 2009-10-ல் 18.4 சதவீதமாக இருந்தது. 2016-17-ல் 12.4 சதவீதமாகக் குறைந்தது. சட்டமும் விழிப்புணர்வும் சேர்ந்தால் பலன் உண்டு என்பதற்கு இது சாட்சி.

★ முப்பதுக்குள் விட்டால் முழு ஆயுள்
ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் இருவரும் 1951-ல் பிரிட்டிஷ் மருத்துவர்களிடம் தொடங்கிய ஆய்வின் ஐம்பதாண்டு முடிவு 2004-ல் வெளியானது. தொடர்ந்து புகைப்பவர் சராசரியாகப் பத்தாண்டு முன்னதாக இறக்கிறார். 60 வயதில் விட்டவருக்கு அதில் 3 ஆண்டு திரும்பக் கிடைக்கிறது. 50-ல் விட்டால் 6, 40-ல் விட்டால் 9, 30-ல் விட்டால் ஏறக்குறைய பத்தும்.

★ உதவி ஒரு போன் தூரத்தில்
1800-11-2356 என்ற இலவச எண்ணை அழைத்தால் புகையிலையை விட ஆலோசகர்கள் வழிகாட்டுவார்கள். 2018 முதல் புகையிலைப் பாக்கெட்டிலேயே அச்சிடப்படும் எண் இது. இளைஞர்களே, இன்றே அழையுங்கள். கடைக்காரர்களே, சீருடையில் வரும் பிள்ளைக்கு 'இல்லை' என்று சொல்லுங்கள். பெற்றோர்களே, வீட்டுக்குள் புகைப்பதை முதலில் நீங்கள் நிறுத்துங்கள்.