கம்பெனி கைகழுவிய 'சிப்'புக்கு கடும் கிராக்கி! பழைய மார்க்கெட்டில் விலை இறங்காத மர்மம்

கள்ளக்குறிச்சி,-

2012-ம் ஆண்டு மார்க்கெட்டுக்கு வந்த சரக்கு. தயாரித்த கம்பெனி எப்போதோ ஏறக்கட்டிவிட்டது. ஆனாலும் பழைய மார்க்கெட்டில் அதன் விலை மட்டும் இறங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது!

தங்கமும் அல்ல, நிலமும் அல்ல. தீப்பெட்டி அளவுகூட இல்லாத கம்ப்யூட்டர் 'பிராசசர்'தான் அந்தச் சரக்கு. கடைக்காரர்கள் சுருக்கமாக 'சிப்' என்பார்கள்.

கள்ளக்குறிச்சியில் ஜெராக்ஸ் கடை, டி.டி.பி. சென்டர், இ-சேவை மையம், உரக்கடை என்று எங்கே நுழைந்தாலும் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. கல்வராயன் மலையில் வெள்ளிமலை வரை இதுதான் நிலைமை. சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாமே ஆன்லைன் ஆகிவிட்டது. மிஷின் படுத்தால் மலையிலிருந்து வந்தவர் வெறுங்கையோடு பஸ் ஏற வேண்டியதுதான்.

அந்த மிஷின் ஆமை வேகத்தில் போகிறது என்று வையுங்கள். கடைக்காரருக்கு இரண்டு வழி.

ஒன்று, புதுசு வாங்குவது. புது சிப் பழைய போர்டில் உட்காராது. சிப்பை மாற்றினால் போர்டை மாற்றணும். போர்டை மாற்றினால் 'ராம்' மாற்றணும். திண்ணையை இடிக்கப் போய் வீட்டையே கட்டின கதை!

இரண்டாவது வழி, இருக்கிற போர்டிலேயே அதற்குப் பொருந்தும் சிப்களில் பெரிய சிப்பைத் தேடிப்பிடித்து மாட்டுவது. இங்கேதான் விலையின் சூட்சுமம் இருக்கிறது.

ஒரு போர்டு, ஆயிரம் போட்டி

இன்டெல் கம்பெனி 2011-ல் '1155' என்ற சாக்கெட் கொண்டுவந்தது. அதில் ஐ3 மாட்டலாம், ஐ5 மாட்டலாம், ஐ7-ம் மாட்டலாம். ஆபீசுகளும் கடைகளும் அப்போது பெரும்பாலும் வாங்கியது விலை மலிவான ஐ3, ஐ5 தான். ஐ7 வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்.

இப்போது அத்தனை ஐ3 காரர்களுக்கும் ஐ7-3770 மேல்தான் கண். அதற்கு மேல் அந்தச் சாக்கெட்டில் போக பெரிதாக இடமில்லை. கேட்பவர் பல பேர். இருப்பதோ அன்று விற்ற கொஞ்சம் சிப். புதிதாக ஒன்றுகூடத் தயாராகாது. விலை எப்படி இறங்கும்?

கழற்றிப் போட்ட ஐ3-ஐக் கேட்பார் இல்லை. அதே பெட்டியில் கிடக்கும் ஐ7-க்கு அதைப்போல் பல மடங்கு விலை. வயசு இரண்டுக்கும் ஒன்றுதான்!

அடுத்து வந்த '1150' சாக்கெட்டிலும் இதே கூத்து. அங்கே ராஜா, 2014-ல் வந்த ஐ7-4790கே. அதற்கடுத்து 2017 ஜனவரியில் ஐ7-7700கே. அதே வருஷம் அக்டோபரில் எட்டாம் தலைமுறை வந்தது. சாக்கெட் பெயர் அதே '1151'. ஆனால் பழைய போர்டில் ஓடாது என்று கம்பெனி கதவைச் சாத்திவிட்டது. பழைய போர்டு வைத்திருந்தவர்களுக்கு 7700கே-வே கடைசிப் படி என்றாகிவிட்டது.

விலையைத் தீர்மானிப்பது சிப்பின் வயசல்ல. அதை வாங்காவிட்டால் வேறு எவ்வளவு செலவாகும் என்பதுதான் கணக்கு.

யமஹா ஆர்.எக்ஸ்.100 வண்டியை யாரும் மறந்திருக்க முடியாது. 1996-லேயே தயாரிப்பு நின்றது. நல்ல கண்டிஷனில் ஒன்று கிடைத்தால் இன்று என்ன விலை சொல்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். ஆனால் அதில் பாதி மோகம். சிப் விஷயத்தில் மோகம் குறைவு, கட்டாயம்தான் அதிகம்.

ராம் விலையும் கைகொடுத்தது

2025 கடைசியில் இன்னொரு இடி. செயற்கை நுண்ணறிவுக்காகப் பெரிய கம்பெனிகள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதால் 'ராம்' விலை எகிறியது. புது மாடலுக்குத் தாவ நினைத்தவர்கள் பின்வாங்கினார்கள். ஏ.எம்.டி. கம்பெனி 2022 ஏப்ரலில் 449 டாலர் விலையில் விட்ட 'ரைசன் 7 5800எக்ஸ்3டி' பழைய டி.டி.ஆர்.4 ராமிலேயே ஓடும். விளையாட்டுப் பிரியர்கள் அதைப் பழைய மார்க்கெட்டில் வலைபோட்டுத் தேடினார்கள்.

விலை சரிய ஒரு காரணமும் வந்தது. மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு 'விண்டோஸ் 10' ஆதரவை நிறுத்தியது. 'விண்டோஸ் 11'-க்கு இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும்தான் தகுதி. ஆபீஸ்காரர்கள் பழையதை மூட்டை கட்டினார்கள். ஆனால் பில் போடவும், பிரிண்ட் எடுக்கவும் ஓடினால் போதும் என்கிற கடைக்காரர் அசையவில்லை.

நாசாவே தேடியது!

பழைய சிப்புக்கு அலைவது நம்மூர்க்காரர் மட்டுமல்ல. 1978-ல் வந்த இன்டெல் 8086 சிப்பை, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 2002-ல் ஈபே ஏலத் தளத்தில் தேடிக்கொண்டிருந்தது. விண்கலத்தின் பூஸ்டரைச் சோதிக்கும் கருவிக்கு அந்தச் சிப்தான் வேண்டும். மொத்தக் கருவியையும் மாற்றுவதைவிட இது மலிவு. டி.டி.பி. கடைக்காரர் போடும் அதே கணக்கு!

ஏமாறாமல் இருக்க...

கிராக்கி இருக்கிற இடத்தில் டூப்பும் இருக்கும். மேல் மூடியில் உள்ள எழுத்தைச் சுரண்டிவிட்டு பெரிய மாடலின் நம்பரைப் பொறித்து விற்கும் வேலை உலகம் முழுக்க உண்டு. மூடியைப் பார்த்துப் பணத்தை எண்ணாதீர்கள். கடையிலேயே போர்டில் மாட்டி ஓடவிடச் சொல்லுங்கள். திரையில் வரும் பெயரை வைத்தே பேரம் பேசுங்கள்.

'கான்பிடென்ஷியல்' என்று பொறித்த சிப் மலிவாக வந்தால் தொடாதீர்கள். அது சோதனைக்காகக் கொடுக்கப்பட்ட சாம்பிள். விற்பனைக்கு உரியதே அல்ல.

சென்னை ரிச்சி தெருவுக்கு ஆள் அனுப்புவதற்கு முன்னால் போர்டின் மாடலைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். பழைய 'எச்61' போர்டில் பயாஸ் புதுப்பிக்காமல் ஐ7-3770 போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். சிப் கெட்டது என்று சண்டைக்குப் போய்ப் பிரயோஜனமில்லை. ஐ3-3220 உறிஞ்சுவது 55 வாட். இது 77 வாட். அதனால் தூசி அடைத்த பழைய ஃபேனையும் கையோடு மாற்றிவிடுவது நல்லது.

ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சிப் என்றால் இன்னும் ஜாக்கிரதை. இன்டெல்லில் ஊசிகள் போர்டில் இருக்கும்; இதில் சிப்பின் அடியிலேயே ஆயிரத்துக்கு மேல் மெல்லிய ஊசிகள். பிளாஸ்டிக் டப்பாவைக் கேட்டு வாங்குங்கள். பேப்பரில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினால், கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் சிப்பின் ஊசியும் வளைந்திருக்கும்.