நேபாள மலையில் லாட்ஜ் டு லாட்ஜ் ட்ரெக்: முதல் தடவை போறவங்களுக்கான முழு பட்ஜெட்

டெண்ட் தூக்க வேண்டாம், சமைக்க வேண்டாம். காலையில் ஒரு லாட்ஜில் கிளம்பி, மத்தியானம் இன்னொரு இடத்தில் சாப்பிட்டு, சாயங்காலம் அடுத்த ஊர் லாட்ஜில் தூங்கலாம். நேபாளத்தில் இதுக்குப் பேர் டீஹவுஸ் ட்ரெக். முதல் வெளிநாட்டு ட்ரிப்பா இதை யோசிக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். இதில் மூணு வகைச் செலவு இருக்கு: போறதுக்கான காசு, அங்க தினமும் இருக்கிறதுக்கான காசு, பாதியில் திரும்பி வர்றதுக்கான காசு. முதல் இரண்டையும் எல்லாரும் கணக்குப் போடுவாங்க. பட்ஜெட் இடிக்கும்போது வெட்டுறது மூணாவதைத்தான். ஆனா மலையில் உங்களைக் காப்பாத்துறது அதுதான்.

எந்த ட்ரெக்?

எவரெஸ்ட் பேஸ் கேம்ப் 5,364 மீட்டர். நடக்க மட்டும் 12 நாளுக்கு மேல ஆகும். லுக்லா விமானம் வானிலையால் அடிக்கடி ரத்தாகும். வருஷத்துக்கு 15, 18 லீவு இருக்கிறவங்களுக்கு முதல் தடவையே இது வேண்டாம்.

பொக்கராவிலிருந்து போற கோரேபானி – பூன் ஹில் ட்ரெக் சரியான ஆரம்பம். உச்சி 3,210 மீட்டர். ஆனா தூங்குற கோரேபானி சுமார் 2,870 மீட்டர்தான். உயரத்தால் வர்ற உடம்புத் தொல்லை பெரும்பாலும் நீங்க எந்த உயரத்தில் தூங்குறீங்கங்கிறதைப் பொறுத்தது. அதனால் இங்க ரிஸ்க் குறைவு. விடியற்காலையில் பூன் ஹில்லில் நின்னா தவுலகிரி, அன்னபூர்ணா சிகரங்கள் முன்னாடி நிக்கும். அக்டோபர்–நவம்பர், மார்ச்–ஏப்ரல் நல்ல சீசன். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, அட்டை, மேகம். கொடுத்த காசுக்கு மலையே தெரியாமப் போகலாம்.

லாட்ஜ் கணக்கு எப்படி வேலை செய்யுது?

ரூம் வாடகை ரொம்பக் கம்மியா இருக்கும். அதைப் பார்த்து ஏமாறாதீங்க. லாட்ஜ்காரர் சம்பாதிக்கிறது சாப்பாட்டில். தங்குற இடத்திலேயே ராத்திரி சாப்பாடும் காலை டிபனும் சாப்பிடணும்ங்கிறது அங்க எழுதாத ஒப்பந்தம். வெளியே சாப்பிட்டா ரூம் வாடகையை ஏத்துவாங்க. அரிசி, கேஸ் எல்லாம் கோவேறு கழுதையிலோ ஆள் முதுகிலோதான் மேல வருது. அதனால் உயரம் ஏற ஏற விலையும் ஏறும். வெந்நீர்க் குளியல், போன் சார்ஜ், வைஃபைக்குத் தனிக் காசு கேட்பாங்க.

மிச்சம் பிடிக்க இரண்டு வழி. ஒண்ணு, தால் பாத் சாப்பிடுங்க. சோறு, பருப்பு, காய் எல்லாம் கேட்டா மறுபடி போடுவாங்க, அதுக்குத் தனிக் காசு கிடையாது. இன்னொண்ணு, தண்ணீர் சுத்திகரிப்பு மாத்திரை எடுத்துட்டுப் போங்க. பாட்டில் தண்ணீர்ச் செலவு அப்படியே மிச்சம்.

பணத்தை எப்படி எடுத்துட்டுப் போறது?

உங்க டெபிட் அல்லது கிரெடிட் கார்டைத் திருப்பிப் பாருங்க. நேபாளம், பூடானில் அந்நியச் செலாவணியில் செலவு பண்ண முடியாதுன்னு பல கார்டில் பொடி எழுத்தில் அச்சடிச்சிருப்பாங்க. ஃபெமா விதிப்படி இந்த இரண்டு நாட்டுப் பயணத்துக்கு டாலர் வாங்க அனுமதி இல்லை. அதனால் ஃபாரெக்ஸ் கார்டு பக்கமே போகாதீங்க. நம்ம ரூபாய்தான் வழி. 1 இந்திய ரூபாய்க்கு 1.6 நேபாள ரூபாய். 1993-லிருந்து இந்த ரேட் மாறலை.

200, 500 ரூபாய் நோட்டுக்கு நேபாளம் பல வருஷம் தடை போட்டிருந்தது. 100 ரூபாய் நோட்டா வச்சிக்கிறது நிம்மதி. 2024 மார்ச்சிலிருந்து நேபாளக் கடைகளில் யுபிஐ க்யூஆர் வசதி வந்திருக்கு. நகரத்தில் அது கை கொடுக்கும், மலையில் அதை நம்பி ஏறக் கூடாது. ட்ரெக் முழுக்கத் தேவையான பணத்தையும், கூட இரண்டு நாள் பணத்தையும் பொக்கராவிலேயே நேபாள ரூபாயா எடுத்துக்கோங்க.

விசா வேண்டாம். ஆனா விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை கட்டாயம். 15 முதல் 65 வயசு வரைக்கும் ஆதார் செல்லாது.

ஒரு ஆளுக்கு பட்ஜெட்

இரண்டு பேர் சேர்ந்து போறதா வச்சு, இந்திய ரூபாயில் ஒரு மாதிரிக் கணக்கு. உங்க ஊர், தேதிக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

- சென்னை – காத்மாண்டு விமானம், போக வர: 25,000
- காத்மாண்டு – பொக்கரா பஸ், அங்கிருந்து ஜீப்: 5,000
- காத்மாண்டு, பொக்கராவில் 4 நாள் தங்கல், சாப்பாடு: 8,000
- மலையில் 5 நாள், நாளுக்கு 2,000: 10,000
- வழிகாட்டி கூலியில் உங்க பாதி: 6,250
- அன்னபூர்ணா பகுதி பெர்மிட், டிம்ஸ் கார்டு: 1,250
- ஷூ, ஜாக்கெட், மழைக்கோட்டு: 8,000
- இன்சூரன்ஸ்: 2,000
- திரும்பி வர்ற காசு: 9,500

மொத்தம் 75,000. அன்னபூர்ணா பெர்மிட் மத்த வெளிநாட்டுக்காரங்களுக்கு 3,000 நேபாள ரூபாய். சார்க் நாட்டுக்காரங்களான நமக்கு 1,000 மட்டும்தான். வழிகாட்டிச் செலவை வெட்டலாம்னு பார்க்காதீங்க. 2023 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டு ட்ரெக்கர்களுக்கு வழிகாட்டி வேணும்னு நேபாளம் விதி போட்டிருக்கு.

எல்டிஏ-வில் இதைக் காட்டலாமான்னு யோசிக்கிறீங்களா? முடியாது. எல்டிஏ வரிச்சலுகை இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு மட்டும்தான்.

திரும்பி வர்ற காசு

இதில் மூணு விஷயம் அடக்கம்.

முதல்ல, ஒரு நாள். சனிக்கிழமை கிளம்பினா முதல் இரண்டு நாள் பொக்கரா போய்ச் சேர, அடுத்த 5 நாள் நடை, கடைசி இரண்டு நாள் வீடு திரும்ப. மொத்தம் 9 நாள், 5 லீவு. கச்சிதமா இருக்குல்ல? அங்கதான் வலை. காலில் கொப்புளம், ஒரு நாள் மழை, மண் சரிவில் ரோடு மூடுறதுன்னு எது வந்தாலும் ஃப்ளைட் போயிடும். அதைவிட மோசம், ‘திங்கள் ஆபீஸ் போகணுமே’ன்னு உடம்பு முடியாம நடக்கிறது. ஆறாவது லீவையும் சேர்த்து எடுங்க. அது வீணான லீவு இல்லை. ஒண்ணும் ஆகலைன்னா பொக்கரா ஏரிக்கரையில் ஓய்வெடுங்க.

இரண்டாவது, கையில் இருக்கிற அந்த 9,500. கூடுதல் நாள் தங்கல், டிக்கெட் தேதி மாத்துற கட்டணம், ஜீப் பிடிச்சுக் கீழே இறங்குற செலவு எல்லாம் இதிலிருந்துதான்.

மூணாவது, இன்சூரன்ஸ். ஹெலிகாப்டர் மீட்புன்னா செலவு லட்சக்கணக்கில் போகும். சாதாரண டிராவல் பாலிசி பலதும் ட்ரெக்கிங்கைச் சாகச விளையாட்டுன்னு ஒதுக்கிடும். வாங்கும் முன்னாடி மூணு கேள்வி கேளுங்க: ட்ரெக்கிங் கவர் ஆகுமா? எத்தனை மீட்டர் வரைக்கும்? ஹெலிகாப்டர் வெளியேற்றம் உண்டா? பதிலை மெயிலில் வாங்குங்க. தேவையே இல்லாம ஹெலிகாப்டர் கூப்பிட்டு இன்சூரன்ஸ் பணம் பறிக்கிற மோசடியை 2018-ல் நேபாள அரசே விசாரிச்சது. அதனால் உயிர் ஆபத்து இல்லாத நேரத்தில் முதல்ல பாலிசியில் இருக்கிற உதவி எண்ணுக்குப் போன் பண்ணுங்க. தலைவலியோட வாந்தி, தள்ளாட்டம் வந்தா மேல ஏறாதீங்க, கீழே இறங்குங்க.

எப்படிச் சேர்க்கிறது?

ஜனவரி சம்பளத்திலிருந்து மாசம் 7,500 ஆர்டி போடுங்க. அக்டோபரில் 10 தவணை, 75,000. நவம்பரில் கிளம்பலாம். விமான டிக்கெட்டும் ஷூவும் முன்னாடியே வாங்கணும். அதனால் அந்த 33,000-ஐ முதல் 5 மாசம் சேமிப்புக் கணக்கில் தனியா ஒதுக்கி, அதுக்கப்புறம் ஆர்டி ஆரம்பிச்சாலும் சரி. ஷூவைக் கிளம்புற வாரம் வாங்காதீங்க, இரண்டு மாசம் போட்டுப் பழக்குங்க. வாரத்துக்கு மூணு நாள் முதுகில் 6 கிலோ பையோட மாடிப்படி ஏறுங்க. உல்லேரியில் உங்களுக்காக ஆயிரக்கணக்கான கல் படிகள் காத்திருக்கு.

இதே 75,000-ஐ 16% பர்சனல் லோனில் வாங்கி 12 மாசத்தில் கட்டினா, வட்டி மட்டும் சுமார் 6,650 ரூபாய். மலையில் மூணு நாள் தங்கிச் சாப்பிடுற காசு அது. எமர்ஜென்சி ஃபண்டையும் தொடாதீங்க. அது வேலை போனா வீட்டைக் காப்பாத்துற காசு, இந்த ட்ரிப்புக்கு இல்லை.

இன்னைக்கே செய்ய வேண்டியது ஒண்ணுதான்: ஹெச்ஆர் போர்ட்டலைத் திறந்து நவம்பரில் 6 நாள் லீவு கிடைக்குமான்னு பாருங்க. 5 நாள்தான் கிடைக்கும்னா, கூடுதல் நாளை வெட்டாதீங்க. உல்லேரி வரைக்கும் ஜீப்பில் போய் நடையில் ஒரு நாளைக் குறைங்க.